ஆறாவதாக வந்த குதிரை

கிண்டி ரேஸில் தோற்ற குதிரைகளை மட்டுமே நோட்டில் எழுதி வைத்தவர் ஒருவர் கடலூர் முதுநகரில் இருக்கிறார் என்று நண்பர் சொன்னார். ஜெயித்த குதிரையின் பெயர் அந்த நோட்டில் எங்கும் இருக்காதாம். பரங்கிப்பேட்டை வழியாகச் சிதம்பரத்துக்குப் போக வேண்டும் என்று நான் வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரையும் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று தோன்றியது. ஆனித் திருமஞ்சனம் முடிந்த வாரத்தின் சனிக்கிழமை அது. காலையிலேயே வெயில் சுள்ளென்று இருந்தது.

ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழும்பூரில் இருந்த வருடங்களில் ரேஸ் நாள் என்றால் மின்சார ரயிலில் கிண்டிக்குப் போய்விடுவார். ஸ்டேஷனை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே மைதானம். நோட்டைக் கேட்டவுடன் கொடுத்துவிட்டார். சாதாரணக் கோடு போட்ட நோட்டு. தேதி, எத்தனையாவது ரேஸ், குதிரை, எத்தனையாவதாக வந்தது என்று நான்கு சின்னக் கட்டங்கள். ஐந்தாவது கட்டம் மட்டும் பக்கத்தில் பாதியைப் பிடித்திருந்தது. அதன் தலைப்பு, ‘ஏன்’.

“ஜெயிச்ச குதிரை பேரு மறுநாள் பேப்பர்லயே வந்துடும் தம்பி. அதை நான் வேற எழுதணுமா?” என்றார்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. உப்பனாற்றுக் கரையில் மீன்பிடித் துறைமுகம் வரை நடந்தோம். ஏலம் முடியும் தறுவாயில் இருந்தது. கூடைகளைத் தாண்டித் தாண்டிப் போகும்போது, இந்த ஊரின் பழைய கதையை நான் அவரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். 1690இல் ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. குண்டுசாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் அந்தக் குண்டிலிருந்து வந்தவை என்பார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் கடலூருக்கு வந்தது. 1752 வரை இங்கேதான் இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளியது. அதன் பிறகு சென்னை எங்கேயோ போய்விட்டது, கடலூர் கடலூராகவே நின்றுவிட்டது.

“அப்போ இந்த ஊரும் உங்க நோட்டுல ஏறவேண்டிய குதிரைதானே சார்?” என்று கேட்டேன். நல்ல வாசகம் ஒன்று கிடைத்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

அவர் சிரிக்கவில்லை. “ஊரைக் குதிரையோட சேர்க்காதீங்க. தோத்த குதிரைக்கு அடுத்த தடவை முதுகுல பாரத்தைக் குறைப்பான். தோத்த ஊருக்கு யார் குறைக்கிறா?”

விஷயத்தின் முக்கால்வாசி அதில் இருக்கிறது. அதைப் பிறகு ரயிலில் விரித்துச் சொன்னார். விழுப்புரத்திலிருந்து வரும் பாதை கடலூர் துறைமுகம் சந்திப்பில் இரண்டாகப் பிரியும். ஒன்று குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகும். மற்றது கடலோரமாகச் சிதம்பரம் போகும். எங்கள் பெட்டியில் கூட்டம் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டை வாடை கொஞ்ச தூரம் கூடவே வந்தது. பிறகு சவுக்குத் தோப்பு, இறால் பண்ணை, பனை.

ரேஸில் ஓடும் குதிரைகள் எல்லாம் ஒரே தரம் இல்லை. அதனால் பெரும்பாலான பந்தயங்கள் ஹேண்டிகேப் முறையில் நடக்கும். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங் உண்டு. ரேட்டிங்கில் ஒரு புள்ளி கூடினால் முதுகில் அரைக் கிலோ கூடும். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்துக்கு அடியில் ஈயத் தகடு வைப்பார்கள். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் ஹேண்டிகேப் போடுகிறவரின் கனவு. ஜெயித்த குதிரைக்கு ரேட்டிங் ஏறும். கழுத்து நீளத்தில் இரண்டாவதாக வந்ததற்கும் அநேகமாக ஏறும், இல்லாவிட்டால் அப்படியே நிற்கும். ஆறாவதாக வந்ததை யாரும் தொடமாட்டார்கள். ஒன்றிரண்டு புள்ளி இறங்கக்கூடச் செய்யும்.

அந்த ஆறாவது குதிரை, வழி கிடைத்திருந்தால் ஜெயித்திருக்கக்கூடியதாக இருந்தால்? ஜெயிக்கிற திறமை, தோற்றவனின் பாரம். இரண்டும் ஒரே முதுகில் சேர்ந்து வருகிற நாள் அபூர்வம். அந்த நாளுக்காகத்தான் அவருடைய நோட்டு.

“ஆனா துரதிர்ஷ்டம்னு சொல்லிக்கிட்டு வர்ற குதிரையில பத்துக்கு எட்டு பொய். ஜாக்கி ஒரு காரணம் சொல்வான், டிரெயினர் ஒரு காரணம் சொல்வான், பணம் கட்டினவன் ஒம்பது காரணம் சொல்வான். குதிரை மட்டும்தான் வாயைத் திறக்காது. அதனால நாம அதைத்தான் பார்க்கணும்.”

எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். ஆலப்பாக்கம் வந்து போனது, புதுச்சத்திரம் வந்து போனது. அவர் முடிக்கவில்லை.

முதலில், முன்னால் போகிற குதிரையைப் பார்க்கக் கூடாது. அதுதான் கஷ்டம். கமெண்டரி சொல்கிறவன் முன்னால் போகிறதைத்தான் சொல்வான், கூட்டம் அதற்குத்தான் கத்தும். கடைசி 400 மீட்டரில் கண்ணை நடுக்கூட்டத்தில் வைக்க வேண்டும். அங்கே முன்னால் இரண்டு, பக்கத்தில் ஒன்று என்று நாலா பக்கமும் அடைத்துக்கொண்டு ஒரு குதிரை மாட்டியிருக்கும். அப்போது ஜாக்கியின் கையைக் கவனிக்க வேண்டும். கை அசையாமல், குதிரை கடிவாளத்தை இழுத்துக்கொண்டு துடித்தால் உள்ளே சரக்கு இருக்கிறது. கை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தும் குதிரை நகரவில்லை என்றால், வழி விட்டிருந்தாலும் அது போயிருக்காது. இரண்டும் ‘மாட்டிக்கொண்டது’ என்ற ஒரே கணக்கில்தான் மறுநாள் பேசப்படும். இடைவெளி ஒன்று திறந்து, அதில் நுழைய வேகம் இல்லாமல் இடைவெளி மூடிக்கொண்டதும் உண்டு. அதையும் துரதிர்ஷ்டம் என்றே சொல்வார்கள்.

இரண்டாவது, கேட் திறக்கும் நேரம். ஒரு நாள் கால் வழுக்கி நாலு லெங்த், அதாவது நாலு குதிரை நீளம், பின்னால் கிளம்பிய குதிரை வேறு. ஒவ்வொரு தடவையும் தாமதமாகக் கிளம்புகிற குதிரை வேறு. பின்னது துரதிர்ஷ்டசாலி இல்லை, சோம்பேறி. அதை நம்பி நோட்டில் எழுதினால் மையும் வீண்.

மூன்றாவது, ஓட்டத்தின் வேகம். முன்னால் போகிறவன் ஆமை வேகத்தில் நடத்திக் கடைசியில் மட்டும் விரட்டினால், பின்னால் இருந்து வரும் குதிரை எவ்வளவு நன்றாக ஓடினாலும் எட்டாது. கடைசி 600 மீட்டரை எது எத்தனை விநாடியில் ஓடியது என்று தனியாகக் கணக்குப் பார்த்தால்தான் இது தெரியும். நான்காவதாக வந்த குதிரை அந்த 600 மீட்டரில் எல்லாவற்றையும்விட வேகமாக வந்திருக்கும்.

பிறகு மண். மழை பெய்த தரையில் சில குதிரைகள் கால் ஊன்றவே மறுக்கும். தரை எவ்வளவு கடினம் என்பதைக் குத்திப் பார்த்து அளக்கும் பெனிட்ரோமீட்டர் கணக்கை கிளப்பே அன்றன்று அறிவித்துவிடும். அதை யாரும் படிப்பதில்லை என்பது அவருடைய தீராத குறை. ஊட்டியையும் விடவில்லை. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரம், சின்ன மைதானம், திரும்பிக்கொண்டே இருக்கும் வளைவு. கோடையில் ஊட்டியில் மோசமாக ஓடிய குதிரையை உடனே ஒதுக்கிவிடக் கூடாது, மழைக்காலம் முடிந்து கிண்டிக்கு இறங்கி வரும்வரை ஒரு கண் வைத்திருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் சொல்வாராம்.

பரங்கிப்பேட்டைக்கு முன்னால், ஏரிக்கரை ஓரம் ஓர் அய்யனார் கோயில். ஆளுயரத்துக்கு மேல் இரண்டு குதிரைகள், புதிதாக வர்ணம் அடித்திருந்தார்கள். கழுத்தில் மணி, பிதுங்கிய விழி. “ஓடாத குதிரை, தோக்கவே தோக்காது” என்று சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பரங்கிப்பேட்டை நிலையத்திலிருந்து ஊர் தள்ளி இருக்கிறது. ஊருக்கு வடக்கே, மணல்மேட்டுக்கும் கடலுக்கும் இடையே 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின. ஹைதரிடம் குதிரைப்படை வெள்ளம்போல இருந்தது. கூட்டிடம் மொத்தமே எட்டாயிரம் பேர் அளவுதான். ஆனால் ஜெயித்தது கூட். அதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள், ஜூன் 18 அன்று, இதே கூட் சிதம்பரம் கோயிலைப் பிடிக்கப் போய் அடி வாங்கித் திரும்பியிருந்தார். அப்போது கோயில் மதில்தான் ஹைதர் ஆட்களின் கோட்டை. சென்னையில் கிண்டியில் குதிரை ஓட ஆரம்பித்தது 1777இல். ஆக, பந்தயக் குதிரை அங்கே ஓட ஆரம்பித்து நாலு வருடம் கழித்து படைக் குதிரை இங்கே செத்துக்கொண்டிருந்தது.

இந்தக் கதையை ரயில் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது சொன்னேன். சிதம்பரத்தில் தோற்றவன் பரங்கிப்பேட்டையில் ஜெயித்தான் என்றதும் அவர் ஆர்வமாகிவிட்டார். “சிதம்பரத்துல ஏன் தோத்தான்?” உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் குறைத்து எடைபோட்டுவிட்டான் என்றேன். சற்று யோசித்தார். “அப்போ அது துரதிர்ஷ்டம் இல்ல. ஜாக்கி தப்பு. ஆனா ஜாக்கி தப்பும் குதிரைக்குத் துரதிர்ஷ்டம்தான். நோட்டுல ஏத்தலாம்.”

கிள்ளை தாண்டியதும் பேச்சு கிண்டிக்குப் போயிற்று. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் தொடங்கியது. 1974இல் திமுக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. கிளப் நீதிமன்றம் போனது, பந்தயம் நிற்கவில்லை. 1986இல் கிளப்பையே எடுத்துக்கொள்ள எம்.ஜி.ஆர். அரசு இன்னொரு சட்டம் போட்டது. பத்து வருடம் கழித்து, 1996 ஜனவரியில், கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குதிரையின் முந்தைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, தூரம், ஜாக்கியின் திறமை இவற்றையெல்லாம் ஆராய்ந்து கணிப்பதால் குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டச் சூதாட்டம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அவருடைய ஐந்தாவது கட்டத்துக்கு உச்ச நீதிமன்றமே முத்திரை குத்திவிட்டது என்று சொல்லலாம். நான் சொன்னேன்.

“கோர்ட்டு சொன்னது அந்த ஆட்டத்தைப் பத்தி. கவுண்டர்ல நின்ன ஆளைப் பத்தி இல்ல” என்றார். சம்பளத் தேதியில் நேராக மைதானத்துக்கு வந்து, குதிரையின் பெயர் பிடித்திருக்கிறது என்பதற்காகப் பணம் கட்டி, டவுசர் பையில் பஸ் காசு இல்லாமல் சைதாப்பேட்டை வரை நடந்தே போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். நீதிபதிகள் எழுதிய திறமை அந்த வரிசையில் நின்ற நூற்றில் மூன்று பேரிடம்கூட இல்லை என்பதுதான் என் எண்ணமும். 1974இன் சட்டத்துக்குப் பின்னால் இருந்த கவலை பொய்யானதல்ல.

2024 செப்டம்பரில், 160 ஏக்கர் நிலத்துக்கான பழைய குத்தகையை ரத்து செய்து, அரசு கிண்டி மைதானத்துக்குச் சீல் வைத்தது. அதே ஆண்டு ஜூனில் ஊட்டி மைதானமும் கையைவிட்டுப் போயிருந்தது. அதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. இப்போது செல்போனில் பெங்களூர் பந்தயங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கிறார். பணம் கட்டுவதை நிறுத்திப் பல காலமாகிறது, நோட்டை மட்டும் நிறுத்தவில்லை.

சிதம்பரத்தில் நான் நேராகக் கோயிலுக்குப் போக நினைத்தேன். அவர் கீழ வீதியில் நிறுத்திவிட்டார். தேர்கள் நிலைக்கு வந்து, தகரமும் துணியுமாக மூடிக் கிடந்தன. “ரேஸ்ல ரொம்பப் பேருக்குத் தெரியாத துரதிர்ஷ்டம் ஒண்ணு இருக்கு. அதை இங்கதான் நடந்து காட்ட முடியும்” என்றார்.

நான்கு வீதிகளையும் சுற்றினோம். அவர் உள்பக்கம், நான் அவருக்கு ஒரு மீட்டர் வெளிப்பக்கம். கீழ வீதியிலிருந்து தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. ஒவ்வொரு மூலையிலும் அவர் சட்டென்று திரும்பிவிடுவார், நான் இரண்டு எட்டு கூடுதலாக வைத்தால்தான் பக்கத்தில் வர முடியும். சதுர மூலை என்பதால் ஒரு சுற்றுக்கு எட்டு மீட்டர் நான் அதிகம் நடந்திருப்பேன். தெருவின் நீளம் எவ்வளவாக இருந்தாலும் அந்த எட்டு மாறாது. குதிரை சதுரமாகத் திரும்பாது, வட்டமாகத் திரும்பும். பின்பக்க நேர்பாதையிலிருந்து அரைவட்டம் திரும்பி முன்பக்கம் வரும் பந்தயத்தில், ஒரு மீட்டர் வெளியே ஓடினால் மூன்று மீட்டருக்குச் சற்று மேல் கூடுதல் தூரம். பள்ளிக்கூடத்துப் பை கணக்குதான். ஒரு லெங்த் என்பது ஏறக்குறைய 2.4 மீட்டர். வெளி கேட்டில் நம்பர் விழுந்து, உள்ளே வர இடம் கிடைக்காமல், மூன்று மீட்டர் தள்ளியே வளைவு முழுக்க ஓடிய குதிரை ஒன்பது மீட்டருக்கு மேல் அதிகமாக ஓடியிருக்கிறது. கிட்டத்தட்ட நாலு லெங்த். அது மூன்று லெங்த்தில் தோற்று ஆறாவதாக வந்தால்?

“அதை யாரும் இடிக்கல, யாரும் மறிக்கல. ரேஸைக் கண்காணிக்கிற ஸ்டூவர்ட்ஸ் ரிப்போர்ட்ல ஒரு வரி வராது. பார்க்கிறவனுக்கு, பாவம், நல்லா சுத்தமா ஓடித் தோத்த மாதிரி இருக்கும். எனக்கு இந்தக் குதிரைதான் தங்கம்.”

ஏன் தங்கம் என்பதற்கும் விளக்கம் வைத்திருந்தார். முட்டி மோதி, ஜாக்கி எழுந்து நின்று கடிவாளத்தை இழுத்த துரதிர்ஷ்டத்தை ஊரே பார்த்துவிடும். அடுத்த தடவை அந்தக் குதிரைக்கு ஒன்றுக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. 1986 எப்சம் டெர்பியில் டான்சிங் பிரேவ் என்ற குதிரையை அதன் ஜாக்கி கிரெவில் ஸ்டார்கி மிகவும் பின்னால் வைத்திருந்து, நேர்பாதையில் தாமதமாக விரட்டினார். மின்னலாக வந்தும் ஷாரஸ்தானியிடம் அரை லெங்த்தில் தோற்றது. அதை நோட்டில் எழுத நிபுணன் தேவையில்லை. உலகமே பார்த்தது. ஜூலையில் ஆஸ்காட்டில் பாட் எடரி ஏறி ஓட்டினார், டான்சிங் பிரேவ் முதலில் வந்தது, ஷாரஸ்தானி நான்காவது. அக்டோபரில் பாரிஸின் ஆர்க் பந்தயத்தையும் அதே ஜோடி ஜெயித்தது. ஆர்க்கில் அதுதான் ஃபேவரிட். நியாயம் கிடைத்தது, விலை கிடைக்கவில்லை.

மறுகோடியில் ஜப்பானின் ஹாரு உராரா. கோச்சி என்ற சின்ன மைதானத்தில் ஓடிய பெண் குதிரை. 113 தடவை ஓடி ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. தோற்கத் தோற்கப் புகழ் ஏறியது. அது ஜெயிக்கும் என்று கட்டிய சீட்டை, சாலை விபத்திலிருந்து காக்கும் தாயத்தாக ஜனங்கள் வைத்துக்கொண்டார்கள். 2004 மார்ச்சில் நாட்டின் முதல்தர ஜாக்கி யூட்டாகா டாக்கேயையே கொண்டுவந்து ஏற்றினார்கள். பதினொன்றில் பத்தாவது. இதைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் குதிரைக்கு ‘ஏன்’ கட்டத்தில் என்ன எழுதுவீர்கள் என்றேன். “மெதுவா ஓடுது.”

கோயிலுக்குள் போனபோது மாணிக்கவாசகர் ஞாபகம் வராமல் இருக்குமா? பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கிளம்பிய மந்திரி, திருப்பெருந்துறையில் பணத்தையெல்லாம் கோயிலுக்குச் செலவழித்துவிட்டு, ஊர் ஊராகப் போய் இந்தத் தில்லையில்தான் ஜோதியில் கலந்தார் என்பது கதை. அவருக்காகச் சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். பாண்டியன் பார்த்தான், மினுமினுப்பைப் பார்த்து மயங்கினான், லாயத்தில் கட்டினான். ராத்திரி அவை நரிகளாகி ஊளையிட்டன. பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடக்கில் பளபளப்பைப் பார்த்து முடிவு செய்கிறவர்களுக்கு அவர் வைத்த பெயரும் பாண்டியன்தான். ‘ஏ பாண்டியா’ என்று கிண்டியில் தன் சிநேகிதர்களைக் கூப்பிடுவாராம். ஆனால் கனகசபைக்கு எதிரே நின்றபோது குதிரைப் பேச்சு இல்லை. வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் தெற்கு வீதிப் பக்கம் ஓர் ஓட்டலில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். பெங்களூரில் அன்று பந்தய நாள். நோட்டில் இருக்கும் குதிரை ஒன்று ஓடியிருக்கிறது. போன தடவை வெளிப்பக்கமாகவே ஓடி ஆறாவதாக வந்தது, இந்தத் தடவை உள் கேட், ஒரு கிலோ பாரம் குறைவு. செல்போனை டம்ளரில் சாய்த்து வைத்து ஓடவிட்டார். நான் முன்னால் போகிற குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கம் போகுமா? அவருடைய குதிரை நன்றாகக் கிளம்பியது, உள்பக்கமாகவே வந்தது, நேர்பாதையில் தாராளமாக வழி கிடைத்தது. இரண்டாவதாக வந்தது, ஒன்றரை லெங்த்தில்.

மறுபடி ஓடவிட்டார். மூன்றாவது தடவையும் பார்த்தார். நோட்டை எடுத்து, பழைய வரியின் மேல் ஸ்கேல் வைத்ததுபோல நேராக ஒரு கோடு இழுத்தார்.

“இப்போ என்ன காரணம் சார்?”

“காரணமே இல்ல. ஜெயிச்சது இதைவிட நல்ல குதிரை” என்றவர், நோட்டை மூடாமல் திரையில் ஐந்தாவதாக வந்துகொண்டிருந்த ஒரு சாம்பல் குதிரையை விரலால் தொட்டுக் காட்டினார். “இது கையைப் பாருங்க.”